முறிவும் சத்தியும்

ஒரு வாரமாக நன்றாகத் தூங்குகிறேன். காரணம் ஒரு மீன். அதுவும் நாங்கள் சாப்பிடாத மீன்.

காற்றாலைகளை இயக்கும் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை என்று இந்தப் பத்தியில் பல தடவை எழுதியிருக்கிறேன். எதையும் முதலில் சின்ன அளவில் ஓட்டிப் பார்ப்போம். எங்கே உடைகிறது என்று தெரிந்த பிறகுதான் வெளியே விடுவோம். யோனாஸ் விஷயத்திலும் அதையே செய்யலாம் என்று நினைத்தேன்.

யோனாஸ், நான் கல்யாணம் செய்ய நினைத்திருக்கும் ஆள். டேனிஷ்காரன். ஆற்றில் மீன் பிடிக்க ஆட்களை அழைத்துப் போகும் வழிகாட்டி. அமெரிக்காவில் ஸ்ட்ரைப்ட் பாஸ் என்ற வரி போட்ட மீனுக்கு ஆட்களைக் கூட்டிப்போய்த் தொழில் பழகினான். இப்போது இங்கே டென்மார்க்கில், யூலாந்து ஆறுகளில் சால்மனுக்கு.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். "கொப்பரிட்ட நீயே சொல்லு. என்னை உதுக்குள்ள இழுக்காதை" என்று அப்பாவிடம் பேசும் பொறுப்பை என்னிடமே விட்டு ஒதுங்கிவிட்டார்.

அப்பா ஒரு தடவை 'இல்லை' என்றால் இல்லைதான். வீட்டில் நாய் வளர்க்கும் பேச்சு அப்படித்தான் முடிந்தது. யோனாஸும் அந்த நாயின் பின்னால் போய்விடுவானோ என்பதுதான் என் பயம்.

ஆகவே ஒரு திட்டம். ஒன்று, அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு வழிகாட்டியுடன் ஒரு நாள் மீன்பிடிப் பயணம் பரிசு. இரண்டு, வழிகாட்டி யோனாஸ். ஆனால் அவன் யார் என்று சொல்லப்போவதில்லை. மூன்று, ஆளை அப்பாவுக்குப் பிடித்த பிறகு, வீடு திரும்பும்போது காரில் உண்மை. நான்காவது... எழுதவில்லை. கை வரவில்லை.

போன சனிக்கிழமை காலை அப்பாவும் நானும் எங்கள் ஊர் ஹேர்னிங்கிலிருந்து புறப்பட்டோம். அம்மா ஐஸ் பெட்டி தந்துவிட்டிருந்தார். உள்ளே கத்தி, உப்பு, மஞ்சள்தூள்.

ஆற்றங்கரையில் யோனாஸ் அப்பாவிடம் தூண்டில் கோலை நீட்டி, டேனிஷில் உற்சாகமாகச் சொன்னான்: "க்னெக் ஓ ப்ரெக்!"

அப்பாவின் முகம் மாறியது. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நெடுங்காலமாக வேலை செய்பவர் அவர். 'க்னெக்' என்றால் முறிவு. 'ப்ரெக்'? வாந்தி, அதாவது எங்கள் பேச்சில் சத்தி; அவர் வேலையில் அடிக்கடி துடைத்தெடுக்கும் சமாச்சாரம்.

"பிள்ளை, இவன் என்ன சொல்றான்? முறிவும் சத்தியுமோ? நல்ல நாளும் அதுவுமா!"

"அது வாழ்த்து அப்பா. நல்லா வரட்டும் எண்டு வாய்விட்டுச் சொன்னா மீன் வராதாம். அதுதான் மாறிச் சொல்றது. அதுக்கு நன்றியும் சொல்லக்கூடாதாம்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்ப இவங்களுக்கும் நாவூறு இருக்கு."

"கிட்டத்தட்ட."

"இந்த நாட்டில இவ்வளவு காலம் இருக்கிறன், ஒருத்தனும் சொல்லேல்லையே!"

முதல் சோதனை - தேறியது என்று மனதில் குறித்துக்கொண்டேன். அவசரப்பட்டுவிட்டேன். பெரிய சால்மனுக்கான இந்த வருடக் கோட்டா முடிந்துவிட்டது, பிடித்தாலும் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்று யோனாஸ் டேனிஷில் விளக்க ஆரம்பித்தான்.

அப்பா தமிழுக்கு வந்தார். "பிடிச்சுப்போட்டு விடுறதோ? உதுக்கு ஒரு உத்தியோகமோ? சமன் மீனை நான் ரின்னில அடைச்சுத்தான் கண்டனான். இண்டைக்கும் அப்பிடித்தான் போல. கொம்மா அங்க புளி கரைச்சு வைச்சிருக்கிறா!"

"என்ன சொல்கிறார்?" என்று யோனாஸ் கேட்டான்.

"ஆறு வடிவாக இருக்கிறதாம்" என்றேன்.

மதியம்வரை ஒன்றும் இல்லை. நெஞ்சுவரை ரப்பர் உடுப்புப் போட்டுக்கொண்டு அப்பா தண்ணீரில் நின்றார். முகத்தில் 'இல்லை' மெல்ல உருவாகிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த முகம் தெரியும்.

திடீரென்று கோல் வளைந்தது. நூல் சீறிக்கொண்டு ஓடியது. அப்பா பின்னால் சாய்ந்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தார். நூல் அறுந்துவிடும் என்று பதறிப்போய் யோனாஸ் கத்தினான்...

"மாமா! மெல்ல, மாமா! மெல்ல!"

தமிழில்!

விபோர்க்கில் இருக்கும் என் அத்தை மகன் குடும்ப வாட்ஸப்பில் அப்பாவை 'மாமா' என்று கூப்பிடுவதை, என் ஃபோனில் கேட்டுக் கேட்டு யோனாஸ் பழகிவிட்டான். இளைஞர்கள் அவரை அப்படித்தான் அழைக்க வேண்டும் போலிருக்கிறது என்று அவனாகவே முடிவு செய்திருக்கிறான். எங்கள் மொழியில் மருமகனும் அதே சொல்லைத்தான் சொல்வான் என்பதை யார் அவனுக்குச் சொல்வது? நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அப்பா மீனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நல்லவேளை, இரண்டு கையிலும் கோல். எதிரே ஒரு பெரிய சால்மன். கோபப்படக்கூட அவருக்கு நேரமில்லை. மெல்ல விட்டார், மெல்லச் சுற்றினார். கடைசியில் யோனாஸ் வலையை நீட்டி மீனை ஏந்தினான்.

அப்பா ஒரு கணம் அதன் முதுகில் கை வைத்துப் பார்த்தார். யோனாஸ் அதைத் தண்ணீருக்கு வெளியே தூக்கவே இல்லை. தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, அது இளைப்பாறும்வரை குனிந்தபடியே நின்றான். மீன் தானாக வாலை அடித்துப் போன பிறகுதான் நிமிர்ந்தான். அப்பா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காலம்?" என்றார் என்னிடம்.

"மீனோ அப்பா?"

"நான் மீனைக் கேக்கேல்லை."

"...ரெண்டு வருசம்."

"கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப நான்தான் கடைசி."

"உங்களிட்டச் சொல்லத்தான் அப்பா பயம்."

அவர் யோனாஸ் பக்கம் திரும்பி டேனிஷில் கேட்டார்: "தம்பி, பிடிக்கிற எல்லாத்தையும் இப்படித்தான் விட்டுவிடுவியா?"

நாங்கள் தமிழில் என்ன கதைத்தோம் என்று யோனாஸுக்கு எங்கே தெரியும்? தொழில்முறையாக, மிகவும் நேர்மையாகச் சொன்னான்: "அது கோட்டாவைப் பொறுத்தது."

அப்பா சிரித்த சிரிப்பில் மறுகரையில் நின்ற தாராக்கள் எழும்பிப் பறந்தன. நான் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு யோனாஸுக்கு விஷயத்தைச் சொன்னேன். காது மடல்வரை சிவந்துவிட்டான். கார் தரிப்பிடத்தில் அப்பா முன்னால் போய் நின்று, எங்கள் கல்யாணத்தைப் பற்றித் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். அப்பா முழுவதையும் கேட்டார். கையை நீட்டினார்.

"க்னெக் ஓ ப்ரெக்."

வேறு ஒரு சொல் இல்லை. யோனாஸ் நன்றி சொல்லவில்லை. முறை தெரிந்தவன்!

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். "மீன் எங்கை?"

"விட்டிட்டம்."

"கொப்பர் என்னவாம்?"

"முறிவும் சத்தியுமாம்" என்றேன். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். விளக்கி முடிக்கும்வரை அந்தக் கை இறங்கவில்லை.

நல்லதை வாய்விட்டுச் சொல்லப் பயப்படுவதில் யாழ்ப்பாணமும் யூலாந்தும் இவ்வளவு சொந்தம் என்று நான் நினைத்ததில்லை. நானும் அந்தப் பயத்தில்தானே இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

அந்த வாழ்த்துக்கு நன்றி சொல்லக்கூடாது என்பது ஆற்றங்கரை விதி. பத்திரிகைக்கு அந்த விதி இல்லைத்தானே, அப்பா?