முந்தானையில் முடிந்த கிராம்பு

கொச்சங்காடிக் கிடங்கில் எனக்குக் கிராம்பு பொறுக்கும் வேலை. என் வீட்டுக்காரர் அதே கிடங்கிற்குச் சரக்கு ஆட்டோ ஓட்டினார். காலையில் கப்பைக்கிழங்கும் மீனும் தின்னப் போவதாகச் சொல்லிக் கள்ளுக்கடையில் போய் உட்காருவார். கேட்டால், "கள்ளு எல்லாம் ஒரு குடியாடி? சாயா குடிக்கிற மாதிரி" என்பார். நான் அதை நம்பினேன் என்றால் பொய். சண்டை போட்டு அலுத்துப்போனேன், அவ்வளவுதான்.

சுமை ஏற்றுமுன் சூப்பர்வைசர் சேட்டன் ஒவ்வொரு வண்டிக்காரரையும் அருகே நிறுத்திப் பேச்சுக் கொடுப்பார். வாயில் வாடை வந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. அதனால் முந்தானையில் நாலு கிராம்பு முடிந்து வைத்திருந்து, இவர் வந்ததும் கையில் திணிப்பேன். மென்றுகொண்டே போய் நிற்பார். "செரி, கேற்றிக்கோ" என்று சுமை ஏற்றச் சொல்லிச் சேட்டன் தலையாட்டிவிடுவார். அதில் எனக்குப் பெருமை வேறு, வெட்கங்கெட்டவள்! புருஷனைக் காப்பாற்றுகிறேனாம்.

அன்று பகல் பதினொரு மணிக்குப் பள்ளுருத்திக்குச் சுமை. என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிறவளுக்கு வீடு அங்கேதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வரவே, இவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். உடனே இறங்கி என்னிடம் வந்தாள்.

"அக்கா, அண்ணன் குடிச்சிருக்காரா?"

"ச்சீ, இல்லடி. தைரியமா போ."

சேட்டன் காதில் விழுந்துவிடுமோ என்பதுதான் அப்போது என் பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் திரும்பப் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

பள்ளுருத்தியில் ஆள் இறக்க நின்றிருந்த பஸ்ஸின் பின்னால் இவர் போய் மோதினார். நல்ல வெயில், நேரான ரோடு. அவருக்கு நெற்றியில் மூன்று தையல். அவளுக்கு இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்ததில் குடித்தது தெரிந்து வழக்காயிற்று. இப்போது அவர் குடிப்பதில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்குப் போய்த் துணி துவைத்துக் கொடுக்கிறேன். எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் தாங்க முடியாமல் கிராம்பு விஷயத்தைச் சொல்லி அழுதுவிட்டேன்.

அவள் அழவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு நானும் கொடுத்தவதானே அக்கா, எனக்குத் தெரியாதா? ஏறினதுமே கிராம்பு வாசனை வந்துச்சு. அதான் இறங்கி வந்து உங்ககிட்ட கேட்டேன்."