நாலாவது முறை கழற்றிய போன்

தண்ணீரில் விழுந்த போனுக்கே உயிர் கொடுக்கும் மெக்கானிக்குக்குத் தன் போன் தண்ணி காட்டியது. கடை வைஃபையில் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தால் நெட் கட்டாகிவிடும். ஒரு நாள் ஏழு மணிக்கு, ஒரு நாள் ஏழே காலுக்கு. பத்து நிமிடம் வரும், மறுபடி போகும்.

லூஸ் கான்டாக்ட் என்று முடிவு கட்டி மூன்று முறை கழற்றினார். ஆன்டெனா ஒயரைக்கூட மாற்றியாயிற்று. பக்கத்துக் கடைக்காரர் வேறு, "அண்ணே, என்கிட்ட குடுங்க, நான் பாக்குறேன்" என்று நக்கலடித்தார்.

நாலாவது முறை சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டபோது மகளுக்கு மனசு கேட்கவில்லை.

"விடுங்கப்பா. போன்ல ஒண்ணுமில்ல. நான்தான் ரவுட்டர் ஆப்ல உங்க போனை மட்டும் அப்பப்ப நிறுத்துறேன்."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "எதுக்குடி?"

"வீட்டுக்கு வந்தா எங்க முகத்தையே பாக்க மாட்டேங்குறீங்க. அம்மாதான் நிறுத்தச் சொன்னாங்க."

நேரில் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டாரா? கேட்டிருக்க மாட்டார்தான், அது வேறு விஷயம். வயிறெரிந்தது அதற்கில்லை. மூன்று முறையும் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்துக் காட்டியது அவர் மனைவி. "பாத்துங்க, ஸ்க்ரூ விழுந்துடப்போகுது" என்று அக்கறையாக வேறு சொன்னாள்.

அவர் மெல்ல நிமிர்ந்து பார்த்தார். இப்போதும் அவள் கையில் டார்ச் ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.