சுவருக்குள் போன நெருப்பு

லண்டன் சம்பந்திப் பகுதி பிடித்துவைத்த கல்யாண மண்டபம் அறுநூறு வருடப் பழைய வீடு என்று மகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் பாரிசில், லா சப்பலில் வேலை செய்யும் கடையில் கூறைச் சேலை ஒன்றை விரித்துப் பிடித்தபடி நின்றேன். கூரை ஒழுகுமோ என்று கேட்டேன். அது முந்தி ஒரு பிரபு இருந்த வீடு, லண்டனில் இப்போது எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று சிரித்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாக விளங்கும், பதில் மட்டும் பிரெஞ்சில்தான் வரும். பிரித்தானியா ஐரோப்பாவை விட்டுப் போவதற்கு முந்தின காலம் அது. பாரிசுக்குப் பக்கத்தில் பொண்டி என்கிற ஊரில் எங்கள் வீட்டு வாசலில் விடிய வெள்ளன காரில் ஏறினால் கடலைத் தாண்டி அன்றைக்கே போய் வரலாம். புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை சம்பந்தி வீட்டாரோடு சேர்ந்து இடம் பார்க்கப் போனோம்.

அந்தக் கல்யாணத்தில் எனக்கு ஒரேயொரு பிடிவாதம்தான் இருந்தது. கூறை என்ன நிறமென்றாலும் சரி, யார் சமைத்தாலும் சரி, என் பிள்ளை அக்கினியைச் சுற்றி வரவேண்டும். ஏனென்றால் நான் சுற்றி வரவில்லை. நானும் என் மனுசனும் கல்யாணம் கட்டின காலத்தில் எங்கள் கையில் அகதிக் கடுதாசியைத் தவிர வேறொன்றும் இல்லை. காலையில் மெரி என்கிற நகரசபையில் கையெழுத்து வைத்தோம். மத்தியானம் லா சப்பலில் கூட்டாளிகள் நெருக்கியடித்துப் படுக்கிற ஓர் அறையில் தாலி கட்டினார். ஐயர் இல்லை. ஓமம் வளர்த்தால் கட்டடக் காவல்காரி பொலிசைக் கூப்பிடுவாள் என்ற பயத்தில் யாரோ ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தார்கள். அதையாவது சுற்றுவோம் என்றால் கட்டில்கள் வழிவிடவில்லை. அதைப் பற்றி மனுசனிடம் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

வீட்டைக் கண்டபோது, பொய் சொல்லக்கூடாது, வாய் பிளந்துதான் நின்றேன். என் கை முழுநீளத்துக்குத் தடித்த கற்சுவர். உள்ளே ஒரு பெரிய மண்டபம். மேல்மாடி ஒன்றும் இல்லை, நிமிர்ந்து பார்த்தால் நேரே கூரை மரங்கள். ஒரு நரைத்த ஆங்கிலக்கார அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா. அவ இங்கிலீசில் சொன்னதை மகள் பிரெஞ்சில் சொன்னாள். மேல்கோடியில் ஒரு படி உயரம், பிரபு அங்கேயிருந்து சாப்பிடுவாராம். கீழ்க்கோடியில் இரண்டு வாசல்கள், ஒன்று பாண் ரொட்டி வைக்கிற அறைக்கு, மற்றது பியர் வைக்கிற அறைக்கு. பிற்பாடு யாரோ நடுச்சுவரை இடித்து அந்த இரண்டையும் ஒரே அறையாக்கி விட்டார்களாம். மேலே சுவரில் உள்ளங்கையளவு ஒரு ஓட்டை. வேலைக்காரர் என்ன செய்கிறார்கள் என்று பிரபு தன் படுக்கையறையிலிருந்து அதற்குள்ளால் ஒளித்துப் பார்ப்பாராம். பெரிய வீட்டுக்காரர் எந்த நாட்டிலும் ஒரே புத்திதான் என்றேன். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த அம்மா சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. ஆதியில் இந்த வீட்டில் புகைபோக்கியே கிடையாதாம். மண்டபத்தின் நட்டநடுவே தரையில் நெருப்பு எரியும், புகை தன்பாட்டில் ஏறிக் கூரையிலிருந்த துவாரத்தால் வெளியே போகும். மரங்களைப் பாருங்கள் என்று விரலை நீட்டிக் காட்டினா. கன்னங்கரேலென்று இருந்தன. அந்தக் காலத்துப் புகைக்கரி, ஒருவரும் துடைக்க விடவில்லை, படித்தவர்கள் தூர இடங்களிலிருந்து அதைப் பார்க்க வருகிறார்கள் என்று பெருமைப்பட்டா. தரையில் கருகின கற்களைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பிறகு வந்த பிரபுமாருக்குப் புகை பிடிக்கவில்லை. கீழ்க்கோடியில், அந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவே, செங்கல்லால் பெரிய புகைபோக்கி எழுப்பி நெருப்பைச் சுவருக்குள் தள்ளிவிட்டார்கள்.

எனக்குச் சந்தோசத்தில் புழுகம் தாங்கவில்லை. நடுவிலே நெருப்பு, மேலே புகை போக வழி, சுற்றிவர இடம். எங்களுக்கென்றே கட்டின மண்டபம் என்று மனுசனிடம் சொன்னேன். அதற்குள் சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாசலுக்குள் புகுந்து மற்ற வாசலால் வெளியே வந்து, புகைபோக்கியைச் சுற்றிச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடத் தொடங்கிவிட்டார்கள். விழுந்து எழும்பப் போகுதுகள் என்று நான்தான் ஏசி நிறுத்தினேன்.

பிறகு எங்கள் சனம் கேள்வி கேட்கத் தொடங்கியது. வெளிச்சாப்பாடு கொண்டுவரலாமோ என்று ஆள்மாறி ஆள் கேட்டார்கள். கார் விட இடம் உண்டோ, சுபநேரம் விடியப்புறமென்றால் கதவு திறப்பார்களோ, நாதஸ்வரச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வருவார்களோ, எல்லாம் கேட்டோம். நெருப்பு வளர்க்கலாமோ என்று மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை. ஓமம் இல்லாமல் என்ன கல்யாணம்? சோறு வைக்க வாழையிலை வேண்டும் என்பதுபோல அது எங்களுக்குச் சொல்லத் தேவையில்லாத விசயம்.

தை மாதம், கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம், மணவறை சோடிக்கப் போனோம். எங்களோடு பாரிசிலிருந்து வந்த ஐயர் பையைத் திறந்து ஓமகுண்டத்தை வெளியே எடுத்தார். மண்டபத்துப் பொறுப்பாளர், காதில் ஒரு வயர் கொழுவின இளம்பெண், ஓடிவந்தாள். திறந்த நெருப்பு கூடவே கூடாதாம், காப்புறுதிக்காரர் விடமாட்டார்களாம், மரங்கள் மிகவும் பழையவையாம்.

எனக்கு வந்த கொதி கொஞ்சநஞ்சமல்ல. மகளைப் பக்கத்தில் இழுத்து, நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் சொல் என்றேன். நூற்றுக்கணக்கான வருசம் இதே இடத்தில் விறகு விறகாக எரித்த கரியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறீர்கள், துடைத்துவிடுவார்கள் என்று காவல் காக்கிறீர்கள், கருகின கல்லுக்குக் கயிறு கட்டிக் கும்பிடாத குறை. என் பிள்ளையின் ஒரு உள்ளங்கை நெய்யிலா உங்கள் கூரை பற்றப்போகிறது? உங்கள் புகை சரித்திரம், எங்கள் புகை ஆபத்தோ? மகள் எவ்வளவைச் சொன்னாளோ தெரியாது. அந்தப் பெண் தலையைச் சரித்துச் சிரித்து, மன்னிக்க வேண்டும் என்றாள். அந்தச் சிரிப்புக்காகவே இரண்டு அறை கொடுக்கலாம்போல இருந்தது.

மாப்பிள்ளையின் தாய் என்னைச் சமாதானப்படுத்த வந்தா.

"மின்சாரத்திலை நெருப்பு எரியிற மாதிரி ஒண்டு இருக்கு அக்கா. இஞ்சை இப்ப எல்லாரும் அதுதான் வைக்கினம். வீடியோவிலை வித்தியாசமே தெரியாது."

"வீடியோவோ சாட்சி?" என்று கேட்டேன்.

அவ மூஞ்சியை நீட்டிக்கொண்டு போனா. மகள், விடு அம்மா, எனக்குப் பரவாயில்லை என்றாள், வழக்கம்போலப் பிரெஞ்சில். பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் நான் அந்த மெழுகுதிரியோடு வாழ்ந்தேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்ல? மனுசன் பூமாலையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மணவறைக்கு முன்னால் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு குட்டி மின்விசிறி, அது ஊதுகிற காற்றில் செம்மஞ்சள் துணித்துண்டொன்று ஆடியது. ஐயர் அதற்கு மேலே நெய்க்கரண்டியைப் பிடித்துக்கொண்டு, ஊற்றவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் முழித்தார். தாலி கட்டியாயிற்று. நான் அட்சதை போட்டேன், கண்ணீரும் வந்தது, அது ஆனந்தக் கண்ணீரென்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள்.

அந்த நேரம்தான் மண்டபத்து ஆள் ஒருவன் இரண்டு கை நிறைய விறகைக் கொண்டுவந்து, கீழ்க்கோடிப் புகைபோக்கிக்குள் அடுக்கிக் கொளுத்தினான். விருந்தாளிகளுக்குக் குளிராம், வாடகையோடு சேர்ந்ததாம். என்ன கோதாரி இது! எங்கள் உள்ளங்கை நெருப்புக்குத் தடை, ஆள் உயரத்துக்கு எரிகிற அவர்கள் நெருப்பு உபசாரம். இரத்தம் தலைக்கேற நேரே ஐயரிடம் போனேன்.

"ஐயா, அது நெருப்போ இல்லையோ?"

"நெருப்புத்தான் அம்மா. ஆனா சுவருக்குள்ளை எல்லோ இருக்கு. சுத்தி வரேலாதே."

"ஏலும்," என்றேன். "பிள்ளையள் சுத்தினதுகள். நான்தான் மறிச்சனான்."

ஐயர் இரண்டு வாசல்களையும் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், எழும்பினார். நெய்யும் நெற்பொரியும் அந்த விறகில் விழுந்தபோது நெருப்புச் சடசடத்து எழும்பியது. மாப்பிள்ளை என் மகளின் சின்னவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாண் வாசலால் உள்ளே போய், புகைபோக்கியின் முதுகுப்பக்கத்தால் நடந்து, பியர் வாசலால் வெளியே வந்தார்கள். மேளக்காரர் விசயம் விளங்காமலே கெட்டிமேளம் கொட்டினார்கள். மாப்பிள்ளையின் தாய்கூட ஓடிவந்து சேர்ந்துகொண்டா. காதில் வயர் கொழுவின பெண் வந்து எங்கே போகிறார்கள் என்று கேட்டாள். வாயே திறக்காத என் மனுசன் முன்னால் போய் நின்று, பழைய வீடு, நல்ல வீடு, பிள்ளைகள் சுற்றிப் பார்க்கிறார்கள் என்று தன் அரைகுறை இங்கிலீசில் சொன்னார். அவள் நன்றி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தாய் தகப்பனும் பின்னால் போக வேண்டும் என்று ஐயர் கையைக் காட்டினார். மகள் முகத்தை அந்த நெருப்பு வெளிச்சத்தில் கண்டேன், அவளுக்குப் பரவாயில்லாமல் இருக்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள். நான் அந்த வயர் கொழுவின பெண்ணை மனதுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன், இன்றைக்கும் அவள் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. மூன்றாம் சுற்றில் பாண் வாசலுக்குள் நுழைகிறபோதுதான் என் சின்னவிரலை யாரோ பிடித்திருப்பது தெரிந்தது. மனுசன் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு நடந்தார். நானும் கையை எடுக்கவில்லை.