ஆறு மாதம் போதும் என்றேன்

என் தோழி எஸ்தரின் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான். ஒரே ஒரு பொய்யால் கெடுத்தேன். தெரியாமல் செய்த பிழை என்று எண்ணிவிடாதீர்கள்... நன்றாகத் தெரிந்தேதான் செய்தேன்!

உங்களிடம் மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை. உங்கள் மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? காது கொடுங்கள், அது போதும். ‘அடிப் பாவி’ என்று உச்சுக் கொட்டுவதை மட்டும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எளாவூரில் எனக்கும் எஸ்தருக்கும் அடுத்தடுத்த வீடு. எங்கள் இருவரின் அப்பாக்களும் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளில் சுமை தூக்கியவர்கள். பெண்களாவது ஒரு தொழிலைக் கற்றுக் கம்பெனிக்குள் நிரந்தர வேலையில் சேரட்டும் என்று இரண்டு வீட்டிலும் ஆசை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், எலக்ட்ரீசியன் படிப்போம் என்று சொன்னவள் எஸ்தர்தான். அவளுக்கு அது கைவந்த வேலை. தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும், ஃபேன் சுற்றாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கோ ஸ்விட்ச் போர்டைத் திறக்கவே பயம். அவள் போன வழியில் நானும் போனேன், அவ்வளவுதான்.

எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம். மற்றொன்று, திருவள்ளூரை ஒட்டிய காக்களூர்ப் பக்கம் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம். எது நல்லது என்று எங்கள் பக்கத்தில் வாத்தியாரிடம் கேட்கமாட்டார்கள். ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலில் போய் நின்று, வெளியே வருகிறவர்களைக் கேட்பார்கள். அன்று எஸ்தருக்குக் காய்ச்சல். நான் மட்டும் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனேன்.

மெயின்டெனன்ஸ் பிரிவில் வேலை செய்யும் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

“ஆறு மாச சர்ட்டிபிகேட்டா? அத்த கேட்லயே திருப்பிக் குடுத்துடுவாங்கம்மா. கவர்மென்ட்டு ஐ.டி.ஐ. ரெண்டு வருசம் முடி. அப்ரண்டிஸா எடுப்பாங்க, அப்பால வேலையும் கெடைக்கும். இப்பல்லாம் பொண்ணுங்களையும் கேக்குறாங்க.”

இவ்வளவு தெளிவாக யார் சொல்வார்கள்! அப்படியே போய் எஸ்தரிடம் சொல்ல வேண்டியதுதானே?

பேருந்தில் வரும்போது கணக்குப் போட்டேன். ஐ.டி.ஐ.யில் மதிப்பெண் பார்த்துத்தான் இடம் தருவார்கள். அவள் என்னைவிட அதிகம் எடுத்தவள். பெண்களுக்கு ஒதுக்கிய இடங்கள் கொஞ்சம். அவள் உள்ளே போனால் நான் வெளியே... சரி, இருவருக்குமே கிடைத்துவிட்டால்? அப்போதும் காலமெல்லாம் அவள் முன்னால், நான் பின்னால்! பள்ளியில் பட்டது போதாதா? ஆமாம், பொறாமைதான். வேறு பெயர் சொல்லி அதை அலங்கரிக்க மாட்டேன்.

“இன்னாடி சொன்னாங்கோ?” என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டாள் எஸ்தர்.

“ரெண்டும் ஒண்ணுதானாம்டி. கையில சர்ட்டிபிகேட்டு இருந்தா போதுமாம். ஆறு மாசத்துல வேலைக்குப் பூடலாமாம்.”

“அப்ப நீயும் வா, ஒண்ணாவே சேந்துக்கலாம்.”

“எங்க ஊட்ல அவ்ளோ தூரம் அனுப்பமாட்டாங்கடி. உனக்குன்னா திருவள்ளூர்ல சித்தி கீறாங்க.”

அவள் அப்பா இடுப்பில் அடிபட்டு வேலைக்குப் போகாமல் கிடந்த நேரம் அது. ஆறு மாதம் என்ற சொல் அந்த வீட்டில் எப்படி இனிக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கூடவே இருந்து குழி பறிப்பது என்கிறார்களே, அதை நான் அவள் கட்டிலில் உட்கார்ந்தே செய்தேன்.

இனிதான் நீங்கள் என்னைக் காறி உமிழ வேண்டிய இடம் வருகிறது.

கலந்தாய்வுக்குப் போனேன். எலக்ட்ரீசியன் பிரிவில் பெண்களுக்கான இடங்களில் பாதிகூட நிரம்பவில்லை! கேட்கவே ஆள் இல்லை. எஸ்தர் வந்திருந்தாலும் எனக்கு இடம் கிடைத்திருக்கும். நான் சொன்ன பொய் எனக்கே தேவைப்படவில்லை...

அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. அவள் காக்களூரில் சேர இன்னும் ஒரு வாரம் இருந்தது. ‘இடம் காலியா இருக்கு, நேர்ல வந்தாலே சேத்துப்பாங்க, வாடி’ என்று அங்கிருந்தே ஒரு போன்! நான் செய்யவில்லை. ஏன்? இன்றுவரை என்னையே கேட்கிறேன். பொய் வெளிப்பட்டுவிடும் என்ற பயமா? அவள் இல்லாத வகுப்பு நிம்மதியாக இருக்கும் என்ற ஆசையா? இரண்டும்தான்.

ஆறு மாதம் கழித்து, லேமினேட் செய்த சான்றிதழோடு எஸ்தர் வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். எல்லா வாசலிலும் அதைத் திருப்பித் தந்தார்கள். கடைசியில் ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்து பேக்கிங் பிரிவுக்குப் போனாள். வருடங்கள் ஓடி, கல்யாணமும் ஆகிவிட்டது; இன்றும் அங்கேதான், நின்றபடியே அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள். அதே கம்பெனியில் நான் எலக்ட்ரீசியன்!

அவள் என்னைச் சந்தேகித்தாளா? அதுதான் இல்லை!

“கேட்ல எவனோ உன்கிட்டத் தப்பாச் சொல்லிட்டான், நீ இன்னா பண்ணுவ? உனக்குப் பொறுமை இருந்துச்சு, ரெண்டு வருசம் படிச்ச. நான்தான் அவசரப்பட்டுட்டேன்டி” என்பாள். தன்னையே நொந்துகொள்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவள் மேல் எரிச்சல் எரிச்சலாக வரும். ஒரு முறையாவது என்னைத் திட்டித் தொலைக்கக் கூடாதா? நல்லவர்கள் பக்கத்தில் வாழ்வது என்ன தண்டனை தெரியுமா உங்களுக்கு?

போன வாரம் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். முகத்தில் பழைய களை.

“ஐ.டி.ஐ. அட்மிசன் போட்டுக்கீறாங்களாமே... ரெண்டு வருசம் பல்லக் கடிச்சிக்கினு படிச்சிரலாம்னு பாக்குறேன். எங்க ஊட்டுக்காரரும் சரின்னுட்டாரு. இந்த வயசுல சேத்துப்பாங்களா? உனக்குத்தான் தெரியும், சொல்லுடி.”

எனக்குத் தெரியும். பெண்களுக்கு அங்கே வயது வரம்பே கிடையாது. நான் படித்தபோது என் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அவள் அங்கே போனால் எல்லாம் தெரிந்துவிடுமே... ஆறு மாதச் சான்றிதழ் என்றைக்குமே செல்லாது, கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் அது தெரியும் என்பது முதல் நாளே காதில் விழும். பெண்களுக்கான இடங்கள் காலியாகவே கிடக்கும் என்பதும் தெரியவரும். வாசலில் எனக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று அவளால் ஊகிக்க முடியாதா?

“வயசு தாண்டிடுச்சுடி” என்றேன்.

சோற்றைப் பிசைந்தாள். பிறகு சிரித்தாள்.

“உன்னக் கேட்டது நல்லதாப் போச்சு. இல்லாங்காட்டி லீவு போட்டு அலைஞ்சிருப்பேன்.”

விண்ணப்பிக்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது. இப்போதாவது சொல்லித் தொலை என்று நீங்கள் பல்லைக் கடிப்பது புரிகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் எஸ்தர் அதே வீட்டில்தான், இங்கிருந்து பத்தடி. அவள் துணி காயப்போடுவது என் சன்னல் வழியே தெரிகிறது.

நான் போகமாட்டேன்.