யோஜ்னா என்று சொல்லிவிட்டேன்

எங்கள் சந்தில் தீயணைப்பு வண்டி நுழையாது. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மேலே ஒயர், கீழே சாக்கடை, நடுவே மாடிக்கு ஏறும் இரும்பு ஏணிகள். மாநகராட்சி அலுவலகத்து வரைபடத்திலோ அது நேரான நீலக் கோடு. வண்டி வர அம்புக்குறி வேறு.

சந்து முடியும் இடத்தில் பள்ளிக்கூடத்துப் பின்கேட். திறந்தால் மைதானம், அதற்கப்பால் பெரிய ரோடு. வண்டியை மைதானத்தில் நிறுத்திக் குழாயை இழுத்தால் போதும். ஆனால் கேட்டில் பூட்டு. சாவி அந்த அலுவலக மேஜைக்குள்.

ஆரஞ்சு ஜாக்கெட் கொடுத்துத் தாராவியில் எங்களைத் தீயணைப்பு வாலண்டியர் ஆக்கியிருந்தார்கள். முடிவெடுப்பதில் உங்களுக்கும் பங்குண்டு என்று கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரியும் வந்தாள். பக்கவாதம் வந்த அவள் புருஷன் மாடியில் படுத்த படுக்கை. அந்தச் சாவிக்காகத்தான் அவள் ஜாக்கெட்டே மாட்டினாள்.

"எனக்கு மார்க்கெட் இந்திதான் வரும். நீங்கதான் நல்லா பேசுவிய அண்ணாச்சி. சாவி ஒண்ணு நம்ம கையில வேணும்னு அடிச்சுச் சொல்லிருங்க."

எழுந்தேன். "ஹமாரா ஏக் யோஜ்னா ஹை, சாப்." யோசனை என்று நினைத்துத்தான் சொன்னேன். இத்தனை வருடம் பம்பாயில் இருந்தும், பதற்றத்தில் நாக்கு தமிழில் வழுக்கிவிட்டது. அவர்களுக்கு யோஜ்னா என்றால் திட்டம், சர்க்கார் போடுவது.

அதிகாரி சிரித்தார். "யோஜ்னா ஹம் பனாதே ஹைன், அண்ணா. ஆப் பஸ் சுஜாவ் தோ." திட்டம் நாங்கள் போடுவோம், நீங்கள் யோசனை மட்டும் சொல்லுங்கள். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சுஜாவ், சுஜாவ் என்று திருத்தினேன், மன்னிப்பும் கேட்டேன். சொற்களையே கட்டிக்கொண்டு அழுகிறவன்; சொல் சரியான நிம்மதியில் உட்கார்ந்துவிட்டேன். சாவி என் வாய்க்குள்ளேயே கிடந்தது.

"என்ன சொல்லுதாவ?" என்றாள் தையல்காரி.

"எழுதிக் குடுக்கச் சொல்லுதாவ" என்று சமாளித்தேன்.

எழுதிக் கொடுத்தோம். பதில் இல்லை. கூட்டத்துக்கு வந்ததற்குப் போட்ட கையெழுத்துகள் மட்டும் அவர்களிடம் பத்திரமாக இருந்தன, வாலண்டியர்களைக் கேட்டாயிற்று என்பதற்குச் சாட்சியாக.

மே மாதத்து மத்தியானம் ஒன்றில் அவள் வீட்டுக்குக் கீழே இருந்த பட்டறை பற்றிக்கொண்டது. வண்டி சீக்கிரமே வந்தது. வந்து, வரைபடம் சொன்னபடி, சந்தின் வாயில் சிக்கி நின்றது. நாங்கள் கல்லால் பின்கேட்டுப் பூட்டை அடித்துக்கொண்டிருந்தோம். அவள் மாடியைப் பார்த்துப் புருஷன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். அதுவரை அவள் வாயில் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. பூட்டு உடைந்து, வண்டி மைதானத்துக்குச் சுற்றி வந்து, தண்ணீர் வந்து, நாலு பேர் போர்வையில் வைத்து அவரை இறக்கினோம். தீ அவரைத் தொடவேயில்லை. புகையே போதுமாயிருந்தது.

மழை தொடங்குமுன் மறுபடி கூட்டம். கேட்டுக்குப் புதுப் பூட்டு. சாவிக்குச் சிவப்பு ரிப்பன். அதை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அதிகாரி என் தோளைத் தட்டினார். "ஆப்கி யோஜ்னா, அண்ணா." உங்கள் திட்டம்தான்.

அவள் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"இத வச்சு இனி யார இறக்க, அண்ணாச்சி?"

"க்யா போலி?" என்றார் அதிகாரி. என்ன சொல்கிறாள்?

"தன்யவாத் சொல்கிறாள்" என்று இந்தியில் சொன்னேன். நன்றி சொல்கிறாளாம். இந்த முறை ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

தன்யவாத் என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியும்.