கூட்டுக்கு எத்தனை மார்க்

எங்கள் வீட்டில் மார்க் போடும் உரிமை என் நாத்தனாருக்குத்தான். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அரை மார்க் கூட்டிப் போடச் சொன்னால் சொத்தையே எழுதிக் கொடுக்கச் சொன்ன மாதிரி பார்ப்பார் என்று அவரிடம் படித்த பெண்கள் இன்றும் சொல்கிறார்கள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர், எங்களோடுதான் இருக்கிறார். என் ரசம் இத்தனை வருடத்தில் பத்துக்கு ஏழைத் தாண்டியதில்லை. முன்னறையில் தறியில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர், "எனக்கு எவ்ளோக்கா?" என்று குரல் கொடுப்பார். "உனக்குப் போட நம்பரே இல்லடா" என்பார் அண்ணி. நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

நான் மார்க் போடுவது எலிகளுக்கு. சென்னை போகும் வழியில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. காலையில் பஸ் பிடித்தால் சாயங்காலம்தான் திரும்புவேன். ஊரில் கருட சேவை நாளென்றால், கோயில் கூட்டத்தில் அதுவும் உறுதியில்லை.

என் மாமனார் சில மாதங்களுக்குள் எங்கள் கண்ணெதிரே கரைந்து போனார். முதலில் நடை தள்ளாடியது. ஒரு நாள் காலையில் கோயிலுக்குப் போனவரை, குடித்திருக்கிறார் என்று நினைத்து ஒரு ஆட்டோக்காரர் திட்டிக்கொண்டே கொண்டுவந்து இறக்கிவிட்டார். வாழ்நாளில் காபிக்கு மேல் எதையும் குடித்தறியாத மனிதர். பிறகு கை உதறியது, பேச்சு போயிற்று, எங்களை யாரென்று தெரியாமல் போயிற்று. அவருடைய அண்ணனும் இப்படித்தான் போனார் என்று அப்புறம்தான் சொந்தக்காரர்கள் நினைவுபடுத்தினார்கள். டாக்டர்கள் ப்ரியான் நோய் என்றார்கள். மூளையில் இருக்கும் ஒரு புரதம் தப்பாக மடிந்துகொள்கிறது. பக்கத்தில் இருப்பதையும் தன்னைப் போலவே மடிய வைக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அதற்கு இன்றுவரை மருந்து இல்லை.

சில குடும்பங்களில் அது ரத்தத்தோடு வரும் என்பதால் அக்கா தம்பி இரண்டு பேரும் பரிசோதனை செய்துகொண்டார்கள். தம்பிக்கு இல்லை. அக்காவுக்கு இருந்தது. இன்றைக்கோ, இருபது வருடம் கழித்தோ, எப்போது தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று சாயங்காலம் அண்ணிதான் கடைக்குப் போய் ஜாங்கிரி வாங்கிவந்தார். "உனக்கு இல்லல்ல, வாயத் தொற" என்று தம்பிக்கு ஊட்டினார். என் வீட்டுக்காரர் வாயில் ஜாங்கிரியை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். மறுநாள் நான் ப்ரியான் எலிகள் இருக்கும் அறைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன்.

எங்கள் தலைமை விஞ்ஞானி ஓர் அம்மாள். விவரத்தைக் கேட்டுவிட்டு, "வாங்க. ஆனா எந்தக் கூண்டுக்கு மருந்து, எந்தக் கூண்டுக்கு வெறும் தண்ணின்னு உங்களுக்குத் தெரியாது. கேக்கவும் கூடாது" என்றார். அங்கே எல்லோருக்கும் அதுதான் சட்டம். எனக்கு மட்டும் அதை இரண்டு தரம் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

என் வேலை இதுதான். நோய் ஏற்றப்பட்ட எலிகளின் கூண்டில் மாலையானால், அழுத்திய பஞ்சுத் துண்டு ஒன்றைப் போடுவார்கள். நன்றாக இருக்கும் எலி அதைப் பல்லால் பிய்த்துப் பிய்த்து, காலைக்குள் கிண்ணம் மாதிரி ஒரு கூடு கட்டி உள்ளே சுருண்டு தூங்கும். நோய் முற்ற முற்றக் கூடு சரியும். கடைசியில் பஞ்சு போட்டது போட்டபடி மூலையில் கிடக்கும், எலி வெறுந்தரையில் படுத்திருக்கும். காலையில் நான் போய்ப் பார்த்து ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போடவேண்டும்.

அண்ணிக்கு இது தெரிந்ததும் பிடித்துக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "இன்னாமா, என் எலிங்கல்லாம் எப்டி இருக்குதுங்க? கூடு கட்டுதுங்களா?"

எல்லாம் அவர் எலிகளாகிவிட்டன. ஒரு நாள் தறியில் மிஞ்சிய பட்டு நூலை ஒரு பை நிறையக் கொடுத்தார். "நம்ம ஊரு எலிங்க பஞ்சுலயா படுக்கும்? இத்தப் போடு." நானும் புத்தியில்லாமல் எடுத்துக்கொண்டு போனேன். எலிகளைக் கவனிக்கும் கால்நடை டாக்டர் பையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நீள நூல் எலியின் காலில் சுற்றி இறுக்கிவிடுமாம். போதாததற்கு எல்லாக் கூண்டுக்கும் ஒரே பஞ்சு என்பதுதான் சோதனையே. பை அப்படியே வீடு திரும்பியது. அண்ணி விடவில்லை, பிள்ளையார் கோயிலில் மூஞ்சூறுக்குத் தனியாக அர்ச்சனை என்று தட்டை நீட்டினார். குருக்கள், "யார் பேருக்கும்மா?" என்றார். "எலிங்க பேருக்கு." அவர் சிரிக்கவே இல்லை. "நட்சத்திரம்?" என்று கேட்டார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியாமல் சிரிப்பு வந்தது.

பிறகு ஒரு நாள் சாப்பாடு முடிந்ததும் அண்ணி தன் அறையிலிருந்து கூப்பிட்டார். கட்டிலில் மெத்தை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகி, மேலே பழைய நூல் புடவையை நாலாக மடித்துப் போட்டு, தலையணையைத் தட்டி வைத்திருந்தார். "என் கூடு. மார்க் போடு."

"அஞ்சு, அண்ணி."

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. பல் விளக்குவது மாதிரி தினமும் ஒரு மார்க். விளையாட்டு என்றுதான் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். ஆனால் அவர் அறைப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண் முதலில் விரிப்பைத்தான் தேடும்.

ஒரு நாள் போய்ப் பார்த்தேன். விரிப்பு பாதி தரையில் கிடந்தது. புடவை சுருட்டிக் கசக்கிப் போட்டிருந்தது. தலையணை கால்மாட்டில் இருந்தது. மாமனார் தள்ளாடித் தள்ளாடி ஆட்டோவிலிருந்து இறங்கியதுதான் கண்ணுக்குள் வந்தது. அண்ணி சமையலறையில் பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "எவ்ளோமா?" என்றார்.

"அஞ்சு, அண்ணி" என்றேன்.

குழாயை நிறுத்திவிட்டு வந்தார். ஈரக் கையோடு வாசற்படியில் நின்று என்னையே பார்த்தார். "நான் வேணும்னுதான் இப்டிப் போட்டேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதெல்லாம் ஒரு விளையாட்டா, உயிரே போய்விட்டதே என்று கத்தினேன். கத்தும்போதே அழுகையும் வந்துவிட்டது. அண்ணி என்னைக் கட்டிலில் உட்கார வைத்து முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"நாளைக்கு நெஜமாவே இப்டிப் போட்டேன்னு வெச்சுக்க. அப்பவும் அஞ்சா? அப்பாவ ஒரு மாசம், வயசாச்சு வயசாச்சுன்னு சொல்லிக்கினு விட்டுட்டோம். எனக்கு மொதல்ல தெரியணும்னு நெனைக்கறேன். நீ சொல்லலன்னா எனக்கு யாருமா சொல்லுவா?"

"எந்தக் கூண்டுன்னு அந்த அம்மா உனக்கு ஏன் சொல்லலன்னு இப்பத்தான் புரியுது" என்றார். "பாசமா இருக்கறவகிட்ட பேப்பர் திருத்தக் குடுக்கக் கூடாது. ஆனா எனக்கு உன்ன விட்டா வேற ஆளு இல்ல." என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, இனிமேல் பொய் மார்க் போடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

அந்தச் சோதனை முடிந்து, எந்தக் கூண்டு எது என்று தலைமை விஞ்ஞானி சொன்ன நாளில், பஸ்ஸில் வழியெல்லாம் வார்த்தைகளைத் தேடிக்கொண்டே வந்தேன். அண்ணி கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தள்ளிப்போடுது, அண்ணி. நிறுத்தல" என்றேன். மருந்து குடித்த எலிகள் மற்றவை விட்டுவிட்ட பிறகும் சில வாரங்கள் கூடு கட்டின. பிறகு அவையும் விட்டுவிட்டன. கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"மருந்து எப்ப ஆரம்பிச்சீங்க? கூடு சரிஞ்ச பெறகா, முன்னயா?"

"சரிய ஆரம்பிச்ச பெறகு. ஆரம்பிக்கறதுக்கு முன்னயே குடுத்துப் பாக்கறதுதான் அடுத்தது."

"எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே" என்றார் அண்ணி. சற்று நேரம் தாள்களை அடுக்கினார். "இந்த மருந்துக்கு அஞ்சுக்கு ரெண்டு. பாஸ் இல்ல. ஆனா திரும்ப எழுதச் சொல்லு."

மனிதருக்கு அந்த மருந்து வருமா, வந்தாலும் அண்ணிக்குக் கிடைக்குமா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி அவரிடம் நான் பேசுவதும் இல்லை.

அன்று சாப்பிட்டானதும் வழக்கம்போல் கூப்பிட்டார். கட்டில் மேல் எக்கிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் விரிப்பின் ஒரு மூலை செருகாமல் தொங்கியது. செருகிவிட நீண்ட கையை இழுத்துக்கொண்டேன்.

"நாலு" என்றேன்.

"இன்னாது, நாலா?" அண்ணி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "செவுத்துப் பக்கம் கை போவலமா. கட்டில இழுக்கச் சொல்லி உன் வீட்டுக்காரன்கிட்ட நாலு நாளா சொல்லிக்கினு இருக்கறேன். ஒரு மூலைக்கு ஒரு மார்க்கா? அரைதான் கொறைக்கணும்."

"நாலுதான்."

"நீல்லாம் டீச்சரா வந்திருந்தா ஒரு பொண்ணும் பாஸாகி இருக்காது" என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டிலை இழுத்து மூலையைச் செருகினார். செருகிவிட்டு, நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்தார். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்று சொல்லியிருக்கலாம். சண்டை நடுவில் அது சரிப்படவில்லை.

நேற்று நாலரை. அரை மார்க் எங்கே போயிற்று என்று காலையில் இட்லி தட்டில் விழுந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.