கம்ஃபர்ட் ஆன்டியும் ஒரு டின் சிவப்பு எண்ணெயும்

கம்ஃபர்ட் ஆன்டி போய்விட்டார். நேற்று, கானாவில்... அவர் மகள் அபேனா வாட்ஸ்அப்பில் இரண்டே வரி அனுப்பியிருந்தாள்.

இரண்டாவது வரி: "அம்மா அடிக்கடி சொல்வாங்களே, அந்த எண்ணெய்க் கதையை எழுதி அனுப்புங்க அண்ணே. சனிக்கிழமை சர்ச்சில் படிக்கணும்."

காலையிலிருந்து மூன்று காப்பி ஆகிவிட்டது. ஒரு வரி எழுதவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளில், இங்கே துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் பக்கத்து வீடு. கப்பல் இன்ஜினியர் மணியம் அங்கிள் கானாவில் கல்யாணம் செய்து கூட்டி வந்தவர் ஆன்டி. எங்கள் வரிசை முழுக்க இதே பேச்சு. பேச்சை யார் நடத்தினார்கள் என்று கேட்காதீர்கள்... எனக்கு வேறு வேலையும் இருந்தது, போர்ட்டில் கிளார்க்.

ஒருநாள் பயங்கரக் கருவாட்டு வாசனை. என் அம்மா நம் அடுப்பில்தான் ஏதோ தீய்கிறது என்று ஓடிப் போய்ப் பார்த்தார். அடுப்பே பற்ற வைக்கவில்லை. ஆன்டி வீட்டுக் குழம்பு! அன்று சாயங்காலமே அம்மா ஒரு கிண்ணத்தோடு அங்கே போய்விட்டார்.

அப்புறம் ஆன்டிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த கோவிந்தன் அண்ணன், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சமைத்துப் பார்க்கச் சொன்னார். ஆட்கள் ரசித்துச் சாப்பிட்டால் எல்லா ஞாயிறும் ஆன்டிக்கு. இல்லையென்றால் அதோடு சரி.

விளம்பரம் என் பொறுப்பு. ஆபீஸ் மெஷினில் திருட்டுத்தனமாக நோட்டீஸ் அடித்தேன். 'ஆப்பிரிக்கச் சாப்பாடு! பயப்படத் தேவையில்லை!' கீழே ஆன்டி சொன்ன சாப்பாட்டுப் பேர், 'ரெட் ரெட்'.

கோவிந்தன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "பயப்படத் தேவையில்லைன்னு போட்டா எவன்டா உள்ள வருவான்?"

ஆன்டியின் கவலை வேறு. "தம்பி, இந்த நாட்டுல எங்க பாத்தாலும் செம்பனை மரம். கடையில எல்லாம் வெள்ள எண்ணெய். அந்தப் பழத்தோட சிவப்பு எண்ணெய் எங்க லா?"

அது இல்லாமல் 'ரெட் ரெட்' செய்ய முடியாதாம். தட்டைப்பயறை அந்த எண்ணெயில் குழம்பு வைத்து, பழுத்த வாழைப்பழம் பொரித்து... கிட்டத்தட்ட நம் பீசாங் கோரெங்தான், பக்கத்தில் பயற்றங்குழம்பு.

"என்கிட்ட விடுங்க ஆன்டி" என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போகும்.

என் மாமாவுக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "இதத் திங்கப் போறாங்களா? முப்பது வருஷமா இதுல குளிச்சிருக்கேன்டா, ஒரு சொட்டு நாக்குல வச்சதில்ல!" ஆனாலும் ஒரு டின் பிடித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. அந்தக் குழம்பு கொதிக்கும்போது ஆன்டி கண்ணை மூடி ஆவியை இழுத்தார் பாருங்கள்... அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. நோட்டீஸைப் பார்த்து ஆப்பிரிக்க மாணவர்கள் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது என் பேஜர் அடித்தது. மாமா.

எதிரில் இருந்த பொதுத் தொலைபேசிக்கு ஓடினேன்.

"டேய், அங்க ரெண்டு டின் இருந்துச்சு. ஒண்ணுல பாய்லருக்கு ஊத்துற மருந்து வச்சிருந்தேன். உனக்கு எதுல புடிச்சேன்னு ஞாபகம் இல்லடா. தேடிட்டு இருக்கேன்."

கடைக்குத் திரும்பி ஓடினேன். சொன்னால் ஆன்டியின் கடை போச்சு. சொல்லாவிட்டால்... காதருகில் போய்ச் சொன்னேன்.

"நிச்சயமா தெரியுமா?"

"தெரியல ஆன்டி."

இன்னொரு கேள்வி கேட்கவில்லை. துணியைப் பிடித்து அவரே சட்டியைத் தூக்கினார். பின்பக்கக் குப்பைத் தொட்டியில் முழுவதையும் கவிழ்த்தார்.

கோவிந்தன் அண்ணன் அலறினார். "என்னம்மா பண்றீங்க, ஆளுங்க உக்காந்துட்டாங்க!"

"ஒரு மணி நேரம் குடுங்க அண்ணே. எல்லாருக்கும் டீ குடுங்க."

என்னைக் கடலை வாங்க விரட்டினார். நிலக்கடலையை வறுத்து அரைத்து, தக்காளி, கோழி, நம் ஊர் வெள்ளை எண்ணெய்... ஒரு மணி நேரத்தில் கடலைக் குழம்பு. "ரெட் ரெட் எங்கே ஆன்டி?" என்று ஒரு மாணவன் நோட்டீஸைக் காட்டிக் கேட்டான். "அடுத்த வாரம் லா" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

கோவிந்தன் அண்ணன் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார். "அடுத்த ஞாயிறு வெள்ளன வந்துருங்கம்மா. இந்தப் பயலோட டின்னு மட்டும் வேணாம்."

சாயங்காலம் மறுபடி பேஜர்.

"மருந்து டின்னு இங்க ஸ்டோர்லயே இருக்குடா. நீ கொண்டு போனது புது டின்னு. நல்லாச் சாப்புட்டாங்களா?"

நான் போனை வைத்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்...

மறுநாள் காலையில் ஆன்டி எங்கள் வரிசையையே கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "இந்தத் தம்பி வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். சொல்லிட்டான். நேர்மையான புள்ள!" அன்றுவரை என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. என் அம்மா உட்பட.

நான்கு வருஷம் அந்த ஞாயிற்றுக் கடை ஓடியது. லோரி டிரைவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டி அதே கதை. என் தட்டில் கூடுதலாக ஒரு கோழிக்கால். எல்லாக் கால்களையும் தின்றேன்.

ஆனால் அந்தச் சிவப்பு எண்ணெயை ஆன்டி இங்கே மறுபடி தொடவே இல்லை. "இந்த ஊர்ல யாரை நம்பி வாங்குறது?" என்பார். செம்பனை சூழ்ந்த ஊரில், கானாவுக்குத் திரும்பிய நாள்வரை அவருக்கு ரெட் ரெட் கிடையாது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும்.

போன வருஷம் வீடியோ காலில் சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். "இருமல் மருந்து குடிச்சியா தம்பி?" என்றார். அவ்வளவுதான்...

அபேனாவுக்கு இதையேதான் அனுப்பப் போகிறேன். அனுப்பிவிட்டுப் போனை அரிசி மூட்டைக்குள் புதைத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். சர்ச்சில் எவ்வளவு படிக்க வேண்டும் என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

ஆன்டி, அது நல்ல எண்ணெய்.

போயிட்டு வாங்க.